இறங்கியதும் மறைந்துவிடும் வலி

அன்பு மகள் யாழினிக்கு,

பெரியப்பா எழுதுவது. அரக்கோணத்தில் ஹெலிகாப்டர் பயிற்சி நல்லபடியாகப் போகிறது என்று அறிந்து எல்லாருக்கும் மகிழ்ச்சி. உன் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த இரண்டு வரிக்குத்தான் இந்த நீண்ட பதில். ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தால் இடுப்பில் மந்தமாக ஒரு வலி வருகிறது, இறங்கிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் போய்விடுகிறது, சீனியர்களைக் கேட்டால் "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் எல்லாருக்கும் இருப்பதாலேயே அது சகித்துக்கொள்ள வேண்டியதாக ஆகிவிடாது. இறங்கியதும் மறைகிற இந்தக் கட்டத்தில்தான் இந்த வலியைச் சுலபமாகச் சரிசெய்ய முடியும். மறையாத கட்டத்துக்குப் போய்விட்டால் சரிசெய்வது கடினமாகிவிடும். வலிக்கு முதன்மையான காரணம் நீ உட்காருகிற விதம் என்பதால், சரிசெய்கிற வேலையில் பெரும்பங்கு உன்னிடமே இருக்கிறது. பெரியவர் சொன்னார் என்பதற்காக இதை ஏற்க வேண்டாம். ஆதாரங்களை வரிசையாகச் சொல்கிறேன், நீயே எடைபோட்டுப் பார்.

முதலில், இது எவ்வளவு பரவலானது என்று பார்ப்போம். பல நாடுகளின் ராணுவ ஹெலிகாப்டர் விமானிகளிடம் கணக்கெடுத்திருக்கிறார்கள். கேள்வி கேட்ட விதத்தைப் பொறுத்து எண்கள் மாறினாலும், பெரும்பாலான கணக்குகள் பாதிப் பேருக்கு மேல் முதுகுவலி இருப்பதாகச் சொல்கின்றன. பிரிட்டிஷ் கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளைப் பற்றி 2002-ல் வந்த ஆய்வில், ஓராண்டுக்குள் முதுகுவலி கண்டவர்கள் நூற்றுக்கு எண்பது பேர். இதைவிட முக்கியமான எண் 1987-ல் இஸ்ரேலிலிருந்து வந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே இடுப்பு வலிக்கிறதா என்று மூன்று வகை விமானிகளைக் கேட்டார்கள். தாக்குதல் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களில் நூற்றுக்குச் சுமார் 34 பேர், போர்விமானம் ஓட்டுபவர்களில் 13 பேர், சரக்கு விமானம் ஓட்டுபவர்களில் 5 பேர் ஆம் என்றார்கள். போர்விமானி ஒவ்வொரு திருப்பத்திலும் தன் எடையைப் போலப் பல மடங்கு சுமையை முதுகில் தாங்குகிறார். சரக்கு விமானி உன்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார். அப்படியிருந்தும் இருவரையும்விட ஹெலிகாப்டர்காரருக்கு வலி அதிகம் என்றால், வெறும் சுமையோ வெறும் உட்காருதலோ இதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஹெலிகாப்டருக்கே உரிய ஏதோ ஒன்று இங்கே வேலை செய்கிறது.

அந்த ஏதோ ஒன்று அதிர்வுதான் என்று உன் சீனியர்கள் சொல்வார்கள். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேலும் கீழுமாக ஆட்டினால், நொடிக்கு நான்கு முதல் ஆறு அதிர்வு என்ற அளவில் முதுகுத்தண்டு அந்த ஆட்டத்தைப் பெருக்கிக்கொள்கிறது. நீ ஓட்டும் சேத்தக், 1959-ல் முதலில் பறந்த பிரெஞ்சு அலூவெட் 3-இன் இந்திய வடிவம். அதன் சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு ஆறுக்குச் சற்றுக் குறைவு. மூன்று இறக்கைகள் என்பதால் நொடிக்குப் பதினேழு பதினெட்டு என்ற இன்னொரு அதிர்வும் சேர்கிறது. முதல் எண் முதுகுத்தண்டுக்கு ஒவ்வாத வரம்புக்குள்ளேயே வருகிறது. லாரி, டிராக்டர் ஓட்டுநர்களிடம் செய்த ஆய்வுகளும் நீண்டகால அதிர்வுக்கும் இடுப்புவலிக்கும் தொடர்பு காட்டுகின்றன. ஆகவே சந்தேகம் நியாயமானதே.

ஆனால் சந்தேகத்தை ஒரு சோதனையில் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் விமான மருத்துவ ஆய்வகம் அலபாமா மாநிலத்தில் ஃபோர்ட் ரக்கரில் இருக்கிறது. பறக்கும்போது முதுகுவலி வருவதாகச் சொன்ன பதினொரு விமானிகளை அங்கே யூஎச்-1 ஹெலிகாப்டரின் இருக்கை, கட்டுப்பாடுகள் போலவே அமைத்த ஒரு மாதிரியில் உட்கார வைத்தார்கள். ஒருமுறை அந்த ஹெலிகாப்டரின் அதிர்வோடு இரண்டு மணி நேரம். இன்னொருமுறை அதிர்வே இல்லாமல் அதே இரண்டு மணி நேரம். முடிவு 1984-ல் வெளியானது. பறக்கும்போது வருகிற அதே வலி இரண்டு முறையும் வந்தது. வலி தொடங்கிய நேரத்திலும் கடுமையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆடாத இருக்கையிலும் அதே வலி வருகிறது என்றால் மிஞ்சுவது அந்த இருக்கையில் உடல் இருக்க வேண்டிய நிலைதான். சில ஆண்டுகளில் இஸ்ரேலிலும் இதையே வேறு வழியில் பார்த்தார்கள். கோப்ரா ஹெலிகாப்டரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு இருக்கைகள். ஒரே ஆட்கள் இரண்டிலும் மாறி மாறிப் பறப்பவர்கள். இயந்திரமும் ஒன்று, அதிர்வும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் முதுகை அதிகம் வளைத்து உட்கார வைக்கும் துப்பாக்கிக்காரர் இருக்கையில் வலி அதிகமாக இருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. இரண்டு மணி நேரச் சோதனை இருபது ஆண்டு அதிர்வைப் பற்றி என்ன சொல்லும்? உண்மையில் ஒன்றும் சொல்லாது. அன்றன்றைக்கு வந்து போகிற வலிக்கு உட்காரும் நிலைதான் முதன்மைக் காரணம் என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் அதிர்வு முதுகெலும்பு வட்டுகளை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. ஹெலிகாப்டர் விமானிகளின் எலும்புப் படங்களை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்ட ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சிலவற்றில் கழுத்து முள்ளெலும்பில் தேய்மானம் கூடுதலாகத் தெரிகிறது, சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. அதனால் அதிர்வை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. வழக்கத்துக்கு மாறாக ஒரு ஹெலிகாப்டர் ஆடினால் பறந்து முடித்ததும் பதிவேட்டில் எழுதிவிடு. இறக்கைகளின் தடமும் சமநிலையும் பார்த்துச் சீர்செய்வது பராமரிப்புப் பிரிவின் வேலை. அதற்கு மேல் அதிர்வைக் குறைக்க உன்னால் ஆவது ஒன்றுமில்லை. உட்காரும் நிலையில் ஆவது நிறைய இருக்கிறது. மேலும், அதிர்வே வளைந்த முதுகில் ஒரு மாதிரியும் நிமிர்ந்து தாங்கல் பெற்ற முதுகில் வேறு மாதிரியும் இறங்கும். எனவே அதிர்வுதான் குற்றவாளி என்று நம்புகிறவருக்கும் செய்ய வேண்டிய வேலை மாறுவதில்லை.

இப்போது அந்த நிலையை உறுப்பு உறுப்பாகப் பார். வலது கை சைக்ளிக் கட்டுப்பாட்டுத் தண்டில், இரண்டு முழங்காலுக்கும் நடுவே. நுண்ணிய அசைவுகள் வேண்டியிருப்பதால் முன்கையை வலது தொடையில் ஊன்றிக்கொள்கிறாய். ஊன்றுவதற்காக உடல் முன்னால் வளைகிறது. இடது கை கலெக்டிவ் நெம்புகோலில், இருக்கைக்கு இடப்பக்கம் தாழ்வாக. அதனால் இடது தோள் இறங்கி முதுகுத்தண்டு இடப்பக்கம் சாய்கிறது, சற்றே திருகவும் செய்கிறது. கால்கள் இரண்டும் பெடலில். சேத்தக்கின் சுழலி மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றுவதால், விசை கூட்டும்போதெல்லாம் வலது பெடல் தேவைப்படுகிறது. ஒரு கால் நீளவும் மறுகால் மடங்கவும் இடுப்பு சமமில்லாமல் நிற்கிறது. தானியங்கிக் கட்டுப்பாடு இல்லாத ஹெலிகாப்டரில் இந்த நான்கு உறுப்புகளில் ஒன்றையும் நினைத்த நேரத்தில் எடுத்துவிட முடியாது. சரக்கு விமானி காலை நீட்டிக்கொள்ளலாம், சாய்ந்துகொள்ளலாம். நீ முன்னும் இடமும் வளைந்த ஒரே நிலையில் உறைந்திருக்கிறாய். ஆங்கிலம் பேசும் விமானிகளிடையே இந்தக் கூனலுக்குத் தனிப்பெயரே உண்டு.

இதில் உட்காருதல் எங்கே கெடுக்கிறது, குனிதல் எங்கே கெடுக்கிறது என்று பிரித்தறிய 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகள் உதவும். ஒருவரின் கீழ்முதுகு வட்டுக்குள் அழுத்தமானியைச் செலுத்தி, அன்றாட நிலைகளில் அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். தளர்வாக உட்கார்ந்தபோது அதைவிடச் சற்றுக் குறைவு. நன்றாக முன்குனிந்து உட்கார்ந்தபோது 0.83. ஒரே ஆளிடம் எடுத்த அளவு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அதற்கு முன் ஸ்வீடனில் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன: சாய்மானம் சற்றுப் பின்வாங்கி, இடுப்புக் குழிவுக்கு ஒரு தாங்கல் கிடைத்தால் வட்டின் அழுத்தம் குறைகிறது. ஆக உன் முதுகு சாய்மானத்தைத் தொடுகிறதா இல்லையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எவ்வளவு நல்ல சாய்மானம் பொருத்தியிருந்தாலும், நான்கு விரல் இடைவெளி விட்டு முன்னால் வளைந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது பயன்படாது.

எனவே ஒவ்வொரு முறையும் ஏறியதும் செய்ய வேண்டியது இது. உன் ஹெலிகாப்டரில் எது நகரும், எது நகராது என்று முதலில் தெரிந்துகொள். எல்லா வகையிலும் எல்லாம் நகராது. பிட்டத்தை இருக்கையின் பின்மூலை வரை தள்ளி உட்கார். பெரும்பாலோர் ஏறிய வேகத்தில் பாதி இருக்கையில் அமர்ந்து பட்டையை இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பின் என்ன செய்தாலும் இடுப்பு பின்னால் போகாது. அடுத்து உயரம், வெளிப் பார்வைக்கு ஏற்ற அளவில். அடுத்து பெடல். இதைத்தான் பலர் சரியாகக் கவனிப்பதில்லை. பெடல் தூரமாக இருந்து முழங்கால் நீண்டால், தொடையின் பின்தசை இழுபட்டு இடுப்புக்கூட்டைப் பின்னோக்கிச் சாய்க்கிறது; கீழ்முதுகின் இயல்பான குழிவு அதோடு போய்விடுகிறது. பெடல் மிகவும் பக்கத்தில் இருந்தால் தொடை இருக்கையை விட்டு எழும்பி, எடை முழுவதும் பிட்ட எலும்பில் இறங்கி, முடிவில் இடுப்பு அதே போலச் சாய்கிறது. முழு பெடல் மிதித்தாலும் முழங்காலில் சற்று மடிப்பு மிஞ்சவேண்டும், தொடை இருக்கையில் படிந்திருக்கவேண்டும். கடைசியாகத்தான் பட்டை: முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டு அப்புறம் தோள்பட்டை. தோள்பட்டையை முதலில் இழுத்தால் அது இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு ஏற்றிவிடும்.

பறக்கும்போது உடலைச் சற்றேனும் அசைத்துக்கொண்டிரு. நேர்ப் பறத்தலில் கலெக்டிவின் இறுக்கத்தை விதிப்படி சரியாக வைத்தால் இடது தோளைத் தூக்கி இறக்கித் தளர்த்த முடியும். பிட்டத்தை மாற்றி மாற்றி ஊன்று, இடுப்பைச் சற்று முன்னும் பின்னும் உருட்டு. பயிற்றுநர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டதும் மாணவர்கள் பலர் அதே கூனலில் அப்படியே காத்திருப்பார்கள். கை காலைத் தொடர்ந்து வைத்திருக்கச் சொல்லாத வேளையில் அந்த அரை நிமிடத்தில் முழு முதுகையும் சாய்மானத்தில் பதித்து நிமிர்ந்துவிடு. கருவிகளைப் பார்த்து ஓட்டும் பயிற்சி வரும்போது கூடுதல் கவனம் வை. நான் முன்னே சொன்ன பிரிட்டிஷ் கடற்படை ஆய்வில், கருவிகளை நம்பிப் பறக்கும்போதுதான் உடல் அதிகம் முன்வளைந்தது, வலியும் அதனோடு கூடியது. கவனம் குவியும்போது தலை முன்னால் போகும், தலை போனால் முதுகும் கூடவே போகும். கருவிகளைச் சுற்றிப் பார்க்கும் ஒழுங்கில் உன் முதுகையும் ஒரு கருவியாகச் சேர்த்துக்கொள்: வேகம், உயரம், திசை, முதுகு சாய்மானத்தில் இருக்கிறதா என்று. தொடையில் கட்டும் எழுதுபலகையை அதிக நேரம் குனிந்து பார்க்காமல், புறப்படும் முன்பே எழுத வேண்டியதை எழுதி முடித்துவிடு. பின்னாளில் இரவுப் பார்வைக் கண்ணாடி மாட்டும்போது தலைக்கவசத்தின் முன்பக்கம் பாரம் ஏறும். அப்போது கழுத்தும் இதே பாடத்தைக் கேட்கும்.

இந்த இடத்தில் நீ ஒரு குறுக்குவழியை நினைப்பாய் என்று எனக்குத் தெரியும்: கடையில் நல்ல மெத்தென்ற குஷன் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன? தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே. ஹெலிகாப்டர் தரையில் மோதும்போது முதுகைக் காப்பாற்றுவது இருக்கையின் அமைப்பு. 1989-லிருந்து அமெரிக்க விதிப்படி புது வகை ஹெலிகாப்டர் இருக்கைகள் புவியீர்ப்பைப் போல 30 மடங்கு உச்ச அதிர்ச்சியில் சோதிக்கப்படுகின்றன. அப்போது இடுப்பெலும்பில் இறங்கும் விசை 680 கிலோ எடைக்கு மேல் போகக் கூடாது. மெத்தென்ற பஞ்சைப் போட்டால் என்ன ஆகிறது? மோதிய கணத்தில் இருக்கை நின்றுவிடுகிறது. நீயோ பஞ்சு அமுங்கும் தூரம் முழுவதும் வேகம் குறையாமல் கீழே போய்க்கொண்டிருக்கிறாய். பஞ்சு அடி தட்டியதும் அந்த வேகம் அத்தனையும் ஒரே அடியாக முள்ளெலும்பில் இறங்குகிறது. மெல்லிய கெட்டியான மெத்தையில் உயிரோடும் முழு முதுகோடும் பிழைத்திருக்கக்கூடிய விபத்து, சொகுசான குஷனில் எலும்பு முறிவில் முடியலாம். மோதலில் கீழே இறங்கி அதிர்ச்சியை விழுங்கும் இருக்கைகள் உள்ள ஹெலிகாப்டரில் இன்னொன்று: இருக்கைக்கு அடியில் பை, தண்ணீர் பாட்டில் எதையும் வைக்காதே. இருக்கை இறங்குவதற்கான இடம் அது. இடுப்புக் குழிவுக்குத் தாங்கல் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற தாங்கல்கள் இருக்கின்றன. உன் ஹெலிகாப்டர் வகைக்கு அனுமதி உண்டா என்று பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேள். அனுமதி இல்லை என்று பதில் வந்தால் மேலே சொன்ன முறையில் உட்காருவதோடு நிறுத்திக்கொள்.

"நான் தினம் ஓடுகிறேன், எடை தூக்குகிறேன், எனக்கு என்ன பலக்குறைவு?" என்று கேட்பாய். பலம் வேறு, தாக்குப்பிடிக்கும் திறன் வேறு. டென்மார்க்கில் ஒரு புறநகர் மக்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 1984-ல் வெளியிட்ட ஆய்வில், கட்டிலின் விளிம்பில் மேலுடலை அந்தரத்தில் நீட்டி நெடுநேரம் நிலையாக வைத்திருக்க முடிந்த ஆண்களுக்கு முதன்முறை இடுப்புவலி வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. அதிக எடை தூக்கும் திறனைவிட, குறைந்த விசையை நெடுநேரம் தாங்கும் திறன்தான் உன் வேலைக்கும் தேவை. இடுப்புவலியைத் தடுக்கும் முறைகளைப் பற்றி நடந்த 21 சோதனைகளை, 30,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, 2016-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சியும் முதுகைப் பற்றிய அறிவும் சேர்ந்தபோது வலி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 45 அளவு குறைந்தது. இடுப்பு பெல்ட்டும் காலணிக்குள் வைக்கும் தகடும் ஒன்றும் செய்யவில்லை. ஊரில் யாராவது பெல்ட் வாங்கி அனுப்பினால் நன்றி சொல்லி அலமாரியில் வைத்துவிடு. ஸ்வீடன் விமானப்படை ஹெலிகாப்டர் விமானிகளிடமும் இதுபோல ஒன்று செய்து பார்த்தார்கள்: மேற்பார்வையில் ஆறு வாரம் கழுத்து, தோள் பயிற்சி செய்தவர்களுக்கு ஓராண்டுக்குப் பிறகும் கழுத்துவலி மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது, 2009-ல் வெளியான முடிவு இது.

செய்ய வேண்டியவை எளிமையானவை. குப்புறத் தவழும் நிலையில் எதிர் எதிர்க் கையையும் காலையும் நீட்டி நிறுத்துவது; ஒரு முழங்கையில் ஊன்றிப் பக்கவாட்டில் உடலை நேராகத் தூக்கி நிறுத்துவது, இரு பக்கமும்; மல்லாந்து ஒரு முழங்காலை மடித்து, கீழ்முதுகுக்கு அடியில் கையை வைத்து, தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகுத்தண்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெகில் பரவலாக்கிய மூன்று இவை. ஒவ்வொன்றையும் பத்து நொடி நிறுத்தி, சிலமுறை, வாரத்தில் பெரும்பாலான நாட்கள். இவற்றோடு தொடையின் முன்தசையையும் பின்தசையையும் இளக்கும் நீட்டல்கள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பின் முன்பக்கம் சுருங்கிப்போகிற தசைகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காலையில் எழுந்த அரை மணிக்குள் குனிந்து செய்யும் பயிற்சிகளைத் தவிர். இரவு முழுக்க நீர் உறிஞ்சி வட்டுகள் உப்பியிருக்கும் நேரம் அது.

இறங்கிய பிறகுள்ள சில நிமிடங்களையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இருபது நிமிடம் முழுக்க முன்வளைந்து உட்கார்ந்தாலே முதுகின் பின்புறத் தசைநார்கள் இழுத்துவிட்ட ரப்பரைப் போலத் தளர்ந்துவிடுகின்றன. மெகிலின் ஆய்வுக்கூடத்தில் 1992-ல் அளந்தபோது, எழுந்த இரண்டு நிமிடத்தில் பாதிதான் மீண்டது. அரை மணி கழித்தும் கொஞ்சம் தளர்ச்சி மிச்சமிருந்தது. அந்தத் தளர்ந்த நேரத்தில் குனிந்து கனத்த பையைத் தூக்குவதும், ஹெலிகாப்டரைத் தள்ளக் கைகொடுப்பதும் முதுகைப் பிடித்துக்கொள்ளக் காரணமாகும். இறங்கியதும் நிமிர்ந்து நின்று, இடுப்பில் கை வைத்து மெல்லப் பின்னால் வளைந்து, ஐந்து நிமிடம் நட. பிறகு தூக்கு. இறங்கியவுடன் ஓய்வறை சோபாவில் புதைந்து கிடப்பதும், அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் கூனிக்கொண்டு போவதும் அதே கூனலின் தொடர்ச்சிதான்.

எல்லாவற்றிலும் கடினமான மறுப்புக்கு வருகிறேன். வலியைச் சொன்னால் மருத்துவத் தகுதியைக் குறைத்து, பறக்கவிடாமல் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. பறப்பதற்காகவே இத்தனை ஆண்டு உழைத்தவள் நீ. ஆனால் கணக்குப் போட்டுப் பார். இறங்கியதும் மறைகிற வலியோடு போகும்போது மருத்துவருக்குக் கொடுக்க எளிய வழிகள் நிறைய உண்டு: இருக்கைப் பொருத்தம், பிசியோதெரபி, சில வாரம் பறக்கும் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது. மறைத்து மறைத்து, காலுக்கு வலி இறங்கிய பிறகு போனால் அந்த எளிய வழிகள் போதாமல், உன்னைத் தரையில் உட்கார வைக்க வேண்டியிருக்கலாம். மறைப்பதால் நீண்ட காலப் பறத்தலைத்தான் பணயம் வைக்கிறாய். உன்னோடு பறப்பவர்களையும் நினைத்துப்பார். வலியால் வேலையை அவசரமாக முடித்ததாக விமானிகளே கணக்கெடுப்புகளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இறங்கும் கட்டத்தில் கவனத்தில் ஒரு பங்கு இடுப்புக்குப் போனால், மிச்சப் பங்கில்தான் இறக்கவேண்டும்.

வெளியே யாரிடமும் ரகசியமாக மாத்திரை வாங்கிச் சாப்பிடாதே. டிராமடால், பிரீகாபலின், தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரைகள் எல்லாம் தூக்கத்தையும் மந்தத்தையும் தரக்கூடியவை; தளத்து மருத்துவருக்குத் தெரியாமல் இவற்றோடு ஏறுவது வலியோடு ஏறுவதைவிட ஆபத்து. உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கவும் ஓடாதே. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டுத் தேய்மானம் படத்தில் தெரிகிறது என்று 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் காட்டினார்கள். படத்திலுள்ள "பல்ஜ்" (வட்டுப் பிதுக்கம்) என்ற சொல் பல பேரைத் தேவையில்லாமல் நோயாளி ஆக்கியிருக்கிறது. வலி பிடித்த நாளில் படுத்தே கிடக்காமல் முடிந்தவரை நடமாடு, வெந்நீர் ஒத்தடம் கொடு. ஆனால் வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால், பாதம் மரத்தால், பெடலை மிதிக்கையில் பாதத்தில் வலு குறைவதாகத் தோன்றினால், இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினால், காய்ச்சலோடு வந்தால் அன்றே மருத்துவரைப் பார். தொடைகளின் நடுவே உணர்ச்சி குறைந்தாலோ சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்று, உனக்கென்றே. இந்த இருக்கைகளும் பெடல்களும் பெரும்பாலும் அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஆண் வீரர்களின் உடல் அளவுக்கு வகுக்கப்பட்டவை. உன் கால் நீளமும் கை நீளமும் அந்த வரம்பின் ஓரத்தில் இருக்கலாம். அப்படியானால் சரியாக உட்கார உனக்கு மற்றவர்களைவிட அதிக முயற்சி வேண்டியிருக்கும். அது உன் குறை ஆகாது. இருக்கை உன் அளவுக்குப் பொருந்தவில்லை என்பதைத் தயங்காமல் பதிவு செய். அடுத்து வரும் பெண்களுக்கும் அந்தப் பதிவு உதவும். நாளை ஹெலிகாப்டர் தரையில் நிற்கும்போது பயிற்றுநரின் அனுமதியோடு உட்கார்ந்து பார்: பிட்டம் பின்மூலையில் இருக்க, இரண்டு பெடலையும் முழுவதும் மிதிக்க முடிகிறதா? சைக்ளிக்கை எல்லாப் பக்கமும் நகர்த்தும்போது முதுகு எந்த இடத்தில் சாய்மானத்தை விட்டுப் பிரிகிறது? கலெக்டிவைக் கீழே வைக்கும்போது இடது தோள் எவ்வளவு இறங்குகிறது? மூன்றையும் குறித்துக்கொண்டு தளத்து மருத்துவரிடம் போ, எனக்கும் எழுது.

உன் அப்பாவிடம் இந்த வலியைப் பற்றி நான் சொல்லவில்லை, நீயே சொல்.

அன்புடன்,
பெரியப்பா